நாளிதழ் நகைச்சுவைச் சித்திரத் தொடர்களும் அவற்றின் மறுபதிப்புகளும்: நினைவேக்கம் ஆவணமான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க நாளிதழ்களில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வெளிவந்த நகைச்சுவைச் சித்திரத் தொடர்கள், ஒரு நாள் படித்துவிட்டுக் கழிப்பதற்காக அச்சிடப்பட்டவை. இன்று அவற்றுள் பல, கெட்டி அட்டையிட்ட முழுத்தொகுப்புகளாக நூலகங்களில் நிலைபெற்றுள்ளன. இம்மாற்றத்தில் இளமையில் படித்தவற்றின்மீது வாசகர் கொண்ட நினைவேக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நிறுவனங்கள் கைவிட்ட இதழ்களைக் காத்தது அவ்வேக்கமே. எவை காக்கப்பட வேண்டும் என்று தேர்ந்ததும் அதுவே. எனவே மறுபதிப்பு நூல், தொடர் வெளிவந்த காலத்துக்கும் அது தொகுக்கப்பட்ட காலத்துக்கும் ஒருங்கே சான்றாகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரத் தொடர், நாளிதழ், மறுபதிப்பு, நினைவேக்கம், ஆவணக் காப்பு, நுண்படச்சுருள்.

முன்னுரை

இழந்த காலத்தின் மீதான ஏக்கத்தை வரலாற்றாய்வாளர் ஐயத்துடன் நோக்குவது வழக்கம். அது நேற்றைய நாளை இருந்ததைவிட இனிதாகக் காட்டும், வேண்டாதவற்றை மறைக்கும். நினைவேக்கத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லே ஒரு நோயின் பெயராகப் பிறந்தது. 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், தாயகத்தைப் பிரிந்து வாழ்ந்த சுவிட்சர்லாந்து நாட்டவரிடம் கண்ட உடல், மனத் தளர்ச்சியைக் குறிக்க அச்சொல்லைத் தம் ஆய்வேட்டில் உருவாக்கினார். இடத்தைப் பிரிந்த துயரைக் குறித்த அச்சொல், பின்னாளில் காலத்தைப் பிரிந்த துயருக்கு உரியதாயிற்று.

ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் நினைவேக்கத்தை இருவகைப்படுத்தினார். இழந்ததை அப்படியே மீண்டும் கட்டியெழுப்ப விழைவது ஒன்று. இழப்பை ஏற்று, இடைப்பட்ட தொலைவை எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. முன்னதை மீட்பேக்கம் என்றும் பின்னதைச் சிந்தனையேக்கம் என்றும் இங்குக் குறிப்பிடலாம். பாய்ம் இப்பாகுபாட்டை நகரங்களையும் நினைவுச் சின்னங்களையும் புலம்பெயர்ந்தோர் வாழ்வையும் கொண்டு விளக்கினார். அதனை நாளிதழ்ச் சித்திரத் தொடர்களுக்குப் பொருத்திப் பார்க்கையில் ஒரு வினா எழுகிறது. ஏக்கம் கடந்த காலத்தைத் திரிக்கும் என்பது உண்மையாயின், அவ்வேக்கம் இல்லாமற்போயிருந்தால் திரிப்பதற்கேனும் ஏதாவது எஞ்சியிருக்குமா? இவ்வினாவுக்கு அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் மறுபதிப்பு வரலாறு தெளிவான விடை தருகிறது.

ஒரு நாளுக்குரிய கலை

ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த ‘மஞ்சள் சிறுவன்’ 1895இல் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் புகழ்பெற்றான். அடுத்த ஆண்டு ஹெர்ஸ்ட் தம் ‘நியூயார்க் ஜர்னல்’ இதழுக்கு அவுட்கால்டை ஈர்த்துக்கொண்டார். 1897இல் அதே இதழில் ருடால்ஃப் டர்க்ஸ் ‘கட்சென்ஜாமர் கிட்ஸ்’ தொடரைத் தொடங்கினார். இவை ஞாயிறு இணைப்பின் வண்ணப் பக்கங்களுக்கு உரியவை. வார நாள்களில் நாள்தோறும் வரும் தொடருக்கு நிலையான வழியமைத்தது பட் ஃபிஷரின் ‘மட் அண்ட் ஜெஃப்’. அது 1907இல் ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ இதழின் விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கியது. பின்னர் ஓவியரிடம் தொடரைப் பெற்று நாடெங்கும் உள்ள இதழ்களுக்கு வழங்கும் சிண்டிகேட் நிறுவனங்கள் பெருகின. ஓர் ஓவியரின் ஒரே நாள் நகைச்சுவையை நூற்றுக்கணக்கான ஊர்களில் உள்ளோர் ஒரே காலையில் படிக்கும் நிலை உருவாயிற்று.

இக்கலையின் அடிப்படை இயல்பு அதன் நாள்முறை. மூன்று அல்லது நான்கு கட்டங்களில் ஒரு சிறு நிகழ்ச்சி; அதே பக்கத்தில், பெரும்பாலும் அதே இடத்தில். அரை நிமிடத்தில் படித்து முடிக்கலாம். மறுநாள் அந்தத் தாளில் பொட்டலம் கட்டலாம். மரக்கூழால் செய்த மலிவான செய்தித்தாள், அமிலத்தன்மையால் விரைவில் மஞ்சளித்து நொறுங்கும் இயல்புடையது. சிண்டிகேட்டுகளும் ஓவியரின் மூல வரைபடங்களைப் பெரிதும் போற்றவில்லை. அச்சு முடிந்தபின் பல கழிக்கப்பட்டன. பல அன்பளிப்பாகப் போயின. நிலைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் இக்கலையின் எந்தப் படிநிலையிலும் இல்லை.

ஆயினும் வாசகர் வாழ்வில் இவை ஆழ வேரூன்றியிருந்தன. 1945 சூலையில் நியூயார்க் நகரில் இதழ் விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நகரத் தந்தை லகார்டியா நகர வானொலியில் சித்திரத் தொடர்களைத் தாமே நடித்துப் படித்துக் காட்டினார். அவ்வேலைநிறுத்தக் காலத்தில் பெர்னார்ட் பெரல்சன் மன்ஹாட்டனில் 60 பேரை விரிவாக நேர்கண்டு, அதன் முடிவுகளை 1949இல் வெளியிட்டார். நாளிதழ் இல்லாமையைப் பெரிதாக உணர்ந்தவர்களுள் பலர், எந்தச் செய்தியை இழந்தோம் என்று கேட்டபோது குறிப்பாக எதையும் சொல்ல இயலவில்லை. அவர்கள் இழந்தது ஒரு சடங்கை, ஒரு பழக்கத்தை என்பது பெரல்சனின் முடிவு. சித்திரத் தொடர்மீது பின்னாளில் எழுந்த ஏக்கத்தின் வேரும் இங்கேயே உள்ளது. வாசகர் ஏங்கியது வரைபடத்துக்கு மட்டுமன்று. அது வந்து சேர்ந்த காலைப்பொழுதுகளுக்கும் சேர்த்தே.

தொடக்ககால மறுபதிப்புகள்

மறுபதிப்பு என்பது ஏக்கத்தோடு தொடங்கவில்லை, வணிகத்தோடு தொடங்கியது. ‘கப்பிள்ஸ் அண்ட் லியோன்’ நிறுவனம் 1919 முதல் ஜார்ஜ் மக்மானஸின் ‘பிரிங்கிங் அப் ஃபாதர்’ முதலிய தொடர்களைச் சதுர வடிவில், அட்டை உறையிட்டு, கறுப்பு வெள்ளையில் மலிவு நூல்களாக வெளியிட்டது. 1933இல் ஈஸ்டர்ன் கலர் அச்சகம் ஞாயிற்றுத் தொடர்களைச் சுருக்கி ‘ஃபன்னீஸ் ஆன் பரேடு’ என்னும் விளம்பர இலவச இதழாக்கியது. அடுத்த ஆண்டு ‘ஃபேமஸ் ஃபன்னீஸ்’ 10 சென்ட் விலையில் கடைகளுக்கு வந்தது. பின்னர்த் தனித்துறையாக வளர்ந்த அமெரிக்கக் காமிக்ஸ் இதழின் வடிவமே இவ்வாறு நாளிதழ்த் தொடரின் மறுபதிப்பிலிருந்து உருவானது. இவை நடப்புத் தொடரின் புகழை மேலும் விற்றுக் காசாக்கிய முயற்சிகள். இவற்றில் நாள் குறிப்பு இராது. வரிசையும் முழுமையாக இராது.

தொடர்களைக் கலையாகக் கருதும் பார்வை வேறு வழியில் வந்தது. 1924இல் கில்பர்ட் செல்டஸ் வெகுமக்கள் கலைகளைப் பற்றி எழுதிய ‘ஏழு துடிப்புமிக்க கலைகள்’ நூலில், ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி காட்’ தொடருக்கெனத் தனி இயல் ஒதுக்கினார். அத்தொடரில் இக்னட்ஸ் என்னும் எலி பூனையின் தலையில் செங்கல்லை எறிகிறது. பூனை அதனை அன்பின் அடையாளமாக ஏற்று மகிழ்கிறது. பூனையை நேசிக்கும் காவலரான நாய், எலியைச் சிறையில் அடைக்கிறது. முப்பது ஆண்டுகளாக இவ்வொரு நிகழ்ச்சியே எண்ணற்ற வேறுபாடுகளுடன் நடந்தது. ஹெரிமன் 1944இல் மறைந்ததும் தொடர் நிறுத்தப்பட்டது. அதனை வேறொருவர் தொடரவில்லை. 1946இல் ஹென்றி ஹோல்ட் நிறுவனம் கவிஞர் இ. இ. கம்மிங்ஸின் முன்னுரையுடன் தொகுப்பொன்றை வெளியிட்டது. முடிந்துபோன ஒரு தொடரை, இனி வராது என்னும் உணர்வோடு நூலாக்கிய குறிப்பிடத்தக்க முயற்சி அது. வணிக மறுபதிப்பிலிருந்து நினைவு மறுபதிப்புக்கு நேர்ந்த திருப்பத்தை அதில் காணலாம்.

1960களில் இத்திருப்பம் ஒரு பதிப்பகத்தின் பெயராகவே வெளிப்பட்டது. டாப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வுடி ஜெல்மன் தம் பதிப்பகத்துக்கு ‘நாஸ்டால்ஜியா பிரஸ்’ என்று பெயரிட்டு, பழைய தொடர்களைப் பெரிய அளவு நூல்களாக வெளியிட்டார். ‘லிட்டில் நீமோ’ தொடரை வரைந்த வின்சர் மக்கேயின் மூல ஓவியங்கள் பலவற்றைத் தேடிப் பெற்றுக் காத்தவரும் அவரே. சேகரிப்பாளரும் பதிப்பாளரும் ஒருவராகவே இருந்த நிலையை அவரிடம் காண்கிறோம்.

நூலகங்கள் கழித்தவையும் வாசகர் காத்தவையும்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்க நூலகங்கள் நாளிதழ்த் தொகுதிகளை நுண்படச்சுருளில் பதிவுசெய்து, மூலத் தாள்களைக் கழிக்கத் தொடங்கின. தாள் நொறுங்கும், இடம் போதாது என்பன அவை கூறிய காரணங்கள். படமெடுக்க வசதியாகப் பல தொகுதிகளின் முதுகுக் கட்டு வெட்டி நீக்கப்பட்டது. செய்தியின் சொற்களுக்கு நுண்படச்சுருள் ஓரளவு போதும். ஞாயிற்றுச் சித்திரப் பக்கத்துக்கோ அது போதாது. வண்ணம் முழுவதும் மறைந்து, நீலவானும் சிவந்த பாலைநிலமும் ஒரே சாம்பல் திட்டாகும். மெல்லிய கோடுகள் கலங்கும். நூலகத்தின் கணக்கில் இதழ் காக்கப்பட்டது. கலை வரலாற்றின் கணக்கில் அது அழிந்தது.

இவ்வழிவை முதலில் உணர்ந்தவர்களுள் பில் பிளாக்பியர்ட் முதன்மையானவர். சித்திரத் தொடர்களின் வரலாற்றை எழுத விரும்பிய அவர், அதற்கு வேண்டிய இதழ்த் தொகுதிகளை நூலகங்கள் வெளியேற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். தனியாருக்கு அவற்றைக் கொடுக்க நூலக விதிகள் இடந்தராமையால், 1968இல் ‘சான் பிரான்சிஸ்கோ அகாடமி ஆஃப் காமிக் ஆர்ட்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினார். அதன் இருப்பிடம் அவர் வாழ்ந்த வீடே. பல ஊர் நூலகங்களிலிருந்து வந்த இதழ்களிலிருந்து தொடர்களை நறுக்கி, நாள்வரிசையில் அடுக்கினார். அந்நறுக்குகள் ஏறத்தாழ 25 இலட்சம் என்பர். 1998இல் அச்சேகரிப்பு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது ஆறு பெரும் சரக்கு வண்டிகள் வேண்டியிருந்தன. எடை சுமார் 75 டன். இன்று அது அப்பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கேலிச்சித்திர நூலகத்தில் உள்ளது.

பிளாக்பியர்டும் மார்ட்டின் வில்லியம்சும் இணைந்து தொகுத்த ‘ஸ்மித்சோனியன் நாளிதழ்ச் சித்திரத் தொடர்த் தொகுப்பு’ 1977இல் வெளிவந்தது. நாட்டின் முதன்மையான அருங்காட்சியக நிறுவனத்தின் முத்திரையோடு வந்த அந்நூல், தொடர்களுக்கு ஒரு மதிப்பை ஈட்டித் தந்தது. நிறுவனங்கள் கழித்தவற்றைத் தனியார் ஒருவர் திரட்ட, அவ்வாறு திரண்டதற்கு மற்றொரு நிறுவனம் முத்திரையிட்ட முரணை இங்கு மறத்தற்கில்லை.

நுண்படச்சுருள் கொள்கையைப் பொதுவெளியில் கடுமையாக வினவியவர் நிக்கல்சன் பேக்கர். 1999இல் பிரித்தானிய நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை விற்க முனைந்தபோது அவற்றுள் பலவற்றை வாங்கி, அவற்றுக்கென ஒரு காப்பகம் அமைத்தார். 2001இல் ‘டபுள் ஃபோல்டு’ என்னும் நூலில் நூலகங்களின் போக்கைக் கண்டித்தார். அவர் காத்தவற்றுள் புலிட்சரின் ‘வேர்ல்டு’ இதழும் ஒன்று. அவரும் மார்கரெட் பிரென்டானோவும் 2005இல் அதன் ஞாயிறு பக்கங்களை முழுப்பக்கங்களாகவே ஒரு நூலில் பதிப்பித்தனர். அத்தொகுதிகள் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன.

முழுத்தொகுப்புகளின் காலம்

இவ்வாறு திரண்ட தாள்களின் பயன் 1980களிலிருந்து பெருகியது. எக்லிப்ஸ் நிறுவனம் 1988இல் ‘கிரேஸி காட்’ ஞாயிற்றுப் பக்கங்களை 1916ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுவாரியாக வெளியிடத் தொடங்கியது. அதன் பதிப்பாசிரியர் பிளாக்பியர்ட். அம்முயற்சி இடையில் நின்றபின், ஃபான்டாகிராஃபிக்ஸ் நிறுவனம் 2002 முதல் 1925ஆம் ஆண்டுப் பக்கங்களிலிருந்து அதனைத் தொடர்ந்தது. ஃபிராங்க் கிங்கின் ‘கேசோலின் ஆலி’ தொடரின் நாள்முறைத் தொகுப்பு 2005இல் டிரான் அண்ட் குவாட்டர்லி நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. ஓவியர் ஜோ மாட் தாம் விரும்பிச் சேர்த்துவைத்திருந்த நறுக்குகளே அதற்குப் பெரிதும் உதவின. அதே ஆண்டில் பீட்டர் மரெஸ்கா ‘லிட்டில் நீமோ’ ஞாயிற்றுப் பக்கங்களை 16 அங்குல அகலமும் 21 அங்குல உயரமும் கொண்ட நூலாக, நாளிதழின் முழு அளவிலேயே வெளியிட்டார்.

இவ்வரிசையில் மிகப் பரவலாக அறியப்பட்டது சார்லஸ் ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’. 1950 அக்டோபர் 2ஆம் நாள் ஏழு இதழ்களில் தொடங்கிய அத்தொடரின் இறுதி ஞாயிற்றுப் பக்கம் 2000 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. ஷுல்ஸ் அதற்கு முந்தைய இரவு மறைந்தார். மொத்தம் 17,897 தொடர்ப்பகுதிகள். 1952 முதலே இத்தொடரின் தொகுப்பு நூல்கள் விற்பனையில் இருந்தபோதும், அவை தேர்ந்தெடுத்தவை மட்டுமே. ஃபான்டாகிராஃபிக்ஸ் 2004 முதல் 2016 வரை, தொகுதிக்கு இரண்டாண்டு வீதம் வரிசையாக வெளியிட்டபோதுதான் தொடர் முழுமையாக நூலுருப் பெற்றது. பிற ஆக்கங்களைக் கொண்ட இறுதித் தொகுதியோடு மொத்தம் 26 தொகுதிகள். முந்தைய நூல்கள் எதிலும் இடம்பெறாத பல பகுதிகள் அப்போது மீண்டும் கண்ணுக்குப் புலப்பட்டன. 2005இல் பில் வாட்டர்சனின் ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ முழுத்தொகுப்பு சுமார் 10 கிலோ எடையுள்ள மூன்று தொகுதிகளாக வந்தது. நாளிதழின் ஓரத்தில் சில அங்குல இடம் பெற்றிருந்த ஒன்று, மடியில் வைத்துப் படிக்க இயலாத பெருநூலாயிற்று.

நூலில் இழந்தவையும் பெற்றவையும்

மறுபதிப்பு நூல் தொடரின் படத்தையும் சொல்லையும் காக்கிறது. அதன் நாளைக் காப்பதில்லை. ‘பீனட்ஸ்’ தொடரில் லூசி பந்தைப் பிடித்திருக்க, சார்லி பிரவுன் ஓடிவந்து உதைக்க முனைவதும், இறுதிக் கணத்தில் அவள் பந்தை விலக்கிக்கொள்வதும் புகழ்பெற்றவை. அந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, கால்பந்துப் பருவமான இலையுதிர் காலத்தில் வரும். இடையில் ஓராண்டு கழிந்திருக்கும். சென்ற ஆண்டின் ஏமாற்றத்தை வாசகரும் பாதி மறந்திருப்பார். எனவேதான் சார்லி பிரவுன் மீண்டும் நம்புவது நம்பத்தக்கதாயிருந்தது. ஈராண்டுத் தொகுதியைக் கையில் எடுத்தவர் அதனை ஒரே மாலையில் இருமுறை காண்பார். நாளிதழில் நம்பிக்கையாகத் தோன்றியது, நூலில் பேதைமையாகத் தோன்றக்கூடும்.

‘கேசோலின் ஆலி’ தொடரில் இது இன்னும் தெளிவாகும். 1921 பிப்ரவரி 14ஆம் நாள் வால்ட் என்பவரின் வீட்டு வாயிலில் ஒரு குழந்தை விடப்பட்டது. ஸ்கீசிக்ஸ் எனப் பெயர்பெற்ற அக்குழந்தை, வாசகரின் குழந்தைகள் வளர்ந்த அதே வேகத்தில் வளர்ந்தது, பள்ளிக்குச் சென்றது, இரண்டாம் உலகப்போரில் படையில் சேர்ந்தது. அதில் பெரிய நிகழ்ச்சி எதுவுமில்லாத நாள்கள் ஏராளம். அந்நாள்களின் மெதுவான நகர்வே தொடரின் பொருள். நூல் வடிவில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது நாவலின் தன்மை பெறுகின்றன. இது இழப்பு மட்டுமன்று. நாள்தோறும் படித்தவர் காண இயலாத கட்டமைப்பை நூல் வாசகர் காண்கிறார். ஆனால் அவர் காண்பது 1921ஆம் ஆண்டின் வாசகர் கண்டதன்று.

அளவும் இவ்வாறே. ‘பீனட்ஸ்’ தொடக்கத்தில் நான்கு சமகட்டங்களாக அமைந்ததற்குக் காரணம், இதழாசிரியர் அதனைக் கிடையாகவோ நெடுக்காகவோ சதுரமாகவோ வைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்னும் விற்பனை உத்தி. இட நெருக்கடியே அத்தொடரின் சிக்கனமான கோட்டுக்கு ஒரு காரணம். வாட்டர்சன் இந்நெருக்கடியை எதிர்த்தார். 1989இல் ஓஹையோவில் ஆற்றிய உரையில் தொடர்களின் இடம் சுருங்குவதைக் கண்டித்த அவர், 1992இல் தம் ஞாயிற்றுத் தொடர் இதழாசிரியரால் வெட்டி மாற்ற இயலாத அரைப்பக்கமாக வெளிவரும் உரிமையைப் பெற்றார். அகன்ற வெண்தாளில் இவ்விரண்டையும் அருகருகே படிப்பவருக்கு அப்போராட்டம் தெரிவதில்லை. விளம்பரமும் செய்தியும் நெருக்கிய பக்கத்தை நூல் நீக்கிவிடுகிறது. நறுக்கு என்னும் செயலே பக்கத்தைத் துண்டித்த செயல் என்பதால், சேகரிப்பாளரின் கத்தரிக்கும் இதில் பங்குண்டு. பேக்கரும் பிரென்டானோவும் முழுப்பக்கங்களைப் பதிப்பித்ததன் சிறப்பு இவ்விடத்தில் புலனாகும்.

வண்ணமும் ஒரு முடிவே. சில பதிப்பாளர் பழந்தாளின் மஞ்சளை நீக்கி வெண்மையாக்குகின்றனர். சிலர் அதனை அப்படியே விடுகின்றனர். மஞ்சளை விடுவது மூலத்துக்கு நெருக்கமானது என்று தோன்றும். ஆனால் 1916ஆம் ஆண்டின் வாசகர் கண்டது மஞ்சளித்த தாளையன்று. அன்று காலை அச்சான புதுத்தாளை. மஞ்சள் என்பது தொடரின் வண்ணமன்று. இடையில் சென்ற காலத்தின் வண்ணம்.

பாடமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. வால்ட் கெல்லியின் ‘போகோ’ தொடரில் 1953இல் செனட்டர் மெக்கார்த்தியைப் பகடி செய்யும் பாத்திரம் தோன்றியது. அரசியல் பகடியை வெளியிடத் தயங்கிய இதழாசிரியர்களுக்கென, முயல்கள் இடம்பெறும் தீங்கற்ற மாற்றுத் தொடர்களையும் கெல்லி பல வேளைகளில் வரைந்தனுப்பினார். ஒரே நாளில் ஓர் ஊரார் ஒன்றைப் படிக்க, மற்றோர் ஊரார் வேறொன்றைப் படித்தனர். தொகுப்பு நூல் கூர்மையான பகடியை முதன்மையாக்குவது இயல்பே. ஆனால் அச்சத்தின் வரலாற்றை ஆராய்வோருக்கு முயல்களே முதன்மைச் சான்று.

நினைவேக்கத்தின் தேர்வு

ஏக்கம் காப்பாற்றுவதைப் போலவே தேர்வும் செய்கிறது. பெரிய சிண்டிகேட்டுகளின் தொடர்களைப் பெரிய நகர இதழ்களில் படித்து வளர்ந்தோரின் இளமை நினைவே மறுபதிப்புச் சந்தையைப் பெரிதும் உருவாக்கியது. அந்நினைவுக்கு வெளியே இருந்தவை காத்திருக்க நேர்ந்தது. கறுப்பினப் பெண் ஓவியரான ஜாக்கி ஓர்ம்ஸ் 1937இல் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இதழில் ‘டார்ச்சி பிரவுன்’ என்னும் நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். கறுப்பின வாசகருக்கான இதழ்களில் வெளிவந்த அவர் படைப்புகள் பரந்த கவனத்துக்கு மீண்டும் வந்ததில், 2008இல் நான்சி கோல்ட்ஸ்டீன் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கு மீட்பின் கருவியாய் அமைந்தது ஆய்வாளரின் தேடல்.

காக்கப்பட்டவற்றுள்ளும் ஏக்கத்துக்கு உடன்படாதவை உண்டு. ‘கேசோலின் ஆலி’யின் வீட்டுப் பணிப்பெண் ரேச்சலும், ‘லிட்டில் நீமோ’வின் இம்ப் என்னும் சிறுவனும் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அக்கால வார்ப்பில் வரையப்பட்டவர்கள். அன்பும் பொறுமையும் நிறைந்ததாகப் போற்றப்படும் அதே தொடரில், அதே மையினால் இவ்விழிவும் வரையப்பட்டுள்ளது. தேர்ந்தெடுத்த தொகுப்பு இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். முழுத்தொகுப்பால் அது இயலாது. அனைத்தையும் மீட்க வேண்டும் என்னும் விழைவே, மறக்க விரும்பியதையும் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஹெரிமனின் வாழ்வு இதற்கு மற்றொரு கோணம் தருகிறது. வெள்ளையராகவே அறியப்பட்டு வாழ்ந்த அவரது பிறப்புப் பதிவில் அவர் கறுப்பினத்தவராகக் குறிக்கப்பட்டிருப்பதை 1971இல் ஆர்தர் ஆசா பெர்கர் கண்டறிந்தார். அதன்பின் ‘கிரேஸி காட்’ தொடரில் வரும் நிற மாற்றங்களையும் அடையாளக் குழப்பங்களையும் ஆய்வாளர் புதிய கண்கொண்டு படித்தனர். அவ்வாறு மறுபடியும் படிக்கப் பக்கங்கள் கைவசம் இருந்தமைக்கு, அவற்றை வேறு காரணங்களுக்காக விரும்பிச் சேர்த்தவர்களே காரணம். சேர்த்தவர் தேடாத பொருளையும் சேகரிப்பு பின்வந்தோருக்குத் தருகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நாளிதழ் நகைச்சுவைத் தொடர்களைப் பொறுத்தவரை, நினைவேக்கம் ஆவணக் காப்பில் முன்னின்று செயல்பட்டது. நூலகங்கள் இடமில்லை என்று கழித்தவற்றுக்கு ஒரு வாசகரின் வீடு இடம் தந்தது. இரண்டாவது, அவ்வேக்கம் ஆவணத்தின் வடிவத்தையும் எல்லையையும் தீர்மானித்தது. பக்கத்திலிருந்து தொடரும், நாளிலிருந்து நகைச்சுவையும் பிரிக்கப்பட்டன. சிலருடைய இளமை மட்டும் பொதுநினைவாயிற்று. மூன்றாவது, முழுத்தொகுப்பு என்னும் வடிவம் இருவகை ஏக்கத்துக்கும் இடந்தருகிறது. இழந்ததை மீட்கும் ஆசையில் தொடங்கும் அது, விரும்பியதையும் விரும்பாததையும் நாள்வரிசையில் ஒன்றாக வைப்பதால், படிப்பவரைச் சிந்தனைக்கு இட்டுச் செல்கிறது.

எனவே மறுபதிப்பு நூலை மூலமாகக் கொள்ளும் ஆய்வாளர் அதனை இரு காலத்துச் சான்றாகக் கருத வேண்டும். 1916ஆம் ஆண்டின் பக்கம் 1988ஆம் ஆண்டின் பதிப்பாசிரியர் வழியாகவே நம்மிடம் வருகிறது. யார் நறுக்கினார், எந்த இதழிலிருந்து நறுக்கினார், எந்த அளவில் அச்சிட்டார், எதனை விட்டார் என்பனவும் வரலாற்றுச் செய்திகளே. நாளிதழையும் வார இதழையும் சான்றாகக் கொள்ளும் எத்துறையினருக்கும் இது பொருந்தும். இதழ்கள் மின்வடிவாக்கப்பட்டு மூலத் தாள்கள் மீண்டும் கழிக்கப்படும் இக்காலத்தில், படி எடுத்தாயிற்று என்பதால் மூலம் வேண்டா என்னும் பழைய வாதம் மீண்டும் ஒலிக்கிறது. வண்ணத்தைச் சாம்பலாக்கிய நுண்படச்சுருளின் வரலாறு அவ்வாதத்துக்குப் போதிய மறுமொழியாகும். இன்று பயனற்றதெனத் தோன்றும் தாளில் நாளைய ஆய்வாளர் எதைத் தேடுவார் என்பதை, கழிப்பவர் முன்கூட்டி அறிய இயலாது.